சைன் வைக்க முதல்



கொஞ்சம் நீளமான பதிவு இது. கார்மண்டுக்குப் போகும் பிள்ளை உள்ள வீட்டுக்காரராவது கடைசி வரை வாசியுங்கள். இதில் எங்கள் பிழை ஒன்றும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தப் பதிவால் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

2025 செப்டம்பர், ஒரு வியாழக்கிழமை. மஃரிப் தொழுது கொஞ்ச நேரம் இருக்கும். எங்களிடம் படித்த பிள்ளை ஒன்று உம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. நாங்கள் கணவன் மனைவி இரண்டு பேரும் ஆசிரியர்கள். கடிதம் வாசிக்க, படிவம் நிரப்ப, பாஸ்போர்ட் எடுக்க என்று ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வருவது புதிதல்ல. பிள்ளையின் கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது.

"சேர், டீச்சர், இதில சைன் வெச்சா நாளைக்கே காசி தாறாங்களாம். வெக்கட்டா?"

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அரைப் பக்கம்தான். "எனது சொந்தக் காரணங்களினால் வேலையிலிருந்து விலகுகிறேன்" என்பதுதான் சாரம். கீழே பெயர், அடையாள அட்டை இலக்கம், ஒப்பம்.

என்ன சொந்தக் காரணம் என்று கேட்டோம். அப்படி ஒன்றும் இல்லை என்றது. ஓடர் குறைந்துவிட்டது, வெளிநாட்டு பையர் வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார், இரண்டு லைனை மூடுகிறோம் என்று கூப்பிட்டுச் சொன்னார்களாம். சைன் வைப்பவர்களுக்குப் பணிக்கொடையோடு ஒரு மாதச் சம்பளம் மேலதிகமாக வெள்ளிக்கிழமையே கிடைக்கும். வைக்காதவர்கள் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை.

எங்களுக்கு அந்த இடத்திலேயே விளங்கியிருக்க வேண்டும். வேலையை நிறுத்துவது கம்பனி, விலகுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது பிள்ளை. ஆனால் அன்று எங்களுக்குக் களைப்பு. பிள்ளையின் உம்மா கடன் தவணையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் சொன்னது இதுதான்: "வெச்சிட்டு எடுங்க மகள். பெரிய கம்பனியோட நம்மளால மல்லுக்கட்ட ஏலுமா? ரிஸ்க் அல்லாஹ்ட கையில."

பிள்ளை எங்கள் மேசையிலேயே, எங்கள் பேனையாலேயே சைன் வைத்தது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2017இல் ஓ.எல். எழுதியது. கணக்கில் கெட்டிக்காரி. வாப்பா கடலுக்குப் போகிறவர், இடுப்பு வருத்தம் வந்து வீட்டோடு இருந்துவிட்டார். 2019இல் பிள்ளை கார்மண்டுக்குப் போனது. அது என்ன காலம் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஈஸ்டர் தாக்குதல் நடந்து சில மாதங்கள்தான். நம்மட பிள்ளைகளை ஊருக்கு வெளியே அனுப்பவே எல்லோரும் பயந்த நேரம். பள்ளியடியில் நின்று ஆட்கள் பேசினார்கள். "குமர்ப்பிள்ளையைக் கார்மண்டுக்கு அனுப்புறாங்க" என்று சொன்னவர்களில் நாங்களும் உண்டு.

பிறகு என்ன நடந்தது? விடிய ஐந்து மணிக்கு வேன் வந்து நிற்கும். பிள்ளை ஸுபஹ் தொழுதுவிட்டு ஏறும். இரவு ஏழரைக்கு இறங்கும். அந்தச் சம்பளத்தில் வாப்பாவுக்கு மருந்து, தங்கச்சிக்கு டியூஷன், சீட்டு. பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது நம்மட பக்கத்து வழக்கம். அந்த வீட்டின் அத்திவாரத்தையும் நான்கு பக்கச் சுவரையும் தன் உழைப்பிலேயே எழுப்பிய பிள்ளை அது. பேசிய வாய்கள் எல்லாம் மெல்ல மூடிக்கொண்டன. இன்று நம்மட ஊரில் எத்தனை வீட்டு அடுப்பு கார்மண்டுச் சம்பளத்தில் எரிகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இவ்வளவு வீடுகள் நம்பியிருக்கும் இந்த வேலை யாருடைய கையில் இருக்கிறது என்று நாம் ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்றிரவுக்குப் பிறகுதான் நாங்களும் தேடி வாசித்தோம்.

உடுப்பின் கழுத்தில் உள்ள பெயர் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ உள்ள கம்பனியின் பெயர். அந்தக் கம்பனிகளில் பெரும்பாலானவற்றுக்கு இங்கே சொந்தமாகத் தொழிற்சாலை கிடையாது. டிசைனையும் விற்பனையையும் தங்களிடம் வைத்துக்கொண்டு, தைக்கும் வேலையை வெளியே கொடுத்துவிடுவார்கள். ஒரு சட்டையைத் தைக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டு, அதை வைத்து விலை பேசுவார்கள். இலங்கைத் தொழிற்சாலை ஒரு விலை சொல்லும், பங்களாதேஷ் ஒரு விலை சொல்லும், வியட்நாம் ஒரு விலை சொல்லும். யாருக்கு ஓடர் போகிறதோ அங்கே லைன் ஓடும். பிள்ளைகள் வந்து "டார்கெட், டார்கெட்" என்று சொல்வது இந்த நிமிடக் கணக்கைத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பையர் ஒப்பந்தம் செய்வது தொழிற்சாலையோடு. பிள்ளையோடு அவருக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை. அடுத்த பருவத்துக்கு ஓடர் தராமல் விட்டால் அவர் யாரையும் வேலையிலிருந்து நிறுத்தியதாக ஆகாது. தொழிற்சாலையைக் கேட்டால், ஓடர் இல்லை, நாங்கள் என்ன செய்ய என்பார்கள். முடிவெடுத்தவர் முதலாளி இல்லை, முதலாளியாக இருப்பவர் முடிவெடுக்கவில்லை என்று இரண்டு பக்கமும் கையை விரிக்கலாம். நடுவில் நிற்பது பிள்ளை.

இது நேற்று வந்த நிலைமையும் இல்லை. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாசவின் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் இந்த வேலையைக் கிராமங்களுக்குக் கொண்டு போனது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நாடும் மேற்கு நாடுகளுக்கு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று கோட்டா இருந்தது. நமக்கென்று ஒரு பங்கு இருந்ததால் ஓடரும் வந்தது. அந்தக் கோட்டா முறை 2004 டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிந்தது. அதற்கு ஐந்து நாள் முதல்தான் நம்மட கரையில் சுனாமி. மையித்துகளைத் தேடிக்கொண்டிருந்த நமக்கு, கோட்டா முடிந்த செய்தியைக் கேட்க நேரமா இருந்தது?

2005இல் ஐரோப்பிய ஒன்றியம் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையைத் தந்தது. 2010 ஓகஸ்டில், மனித உரிமை விடயங்களைக் காட்டி நிறுத்தியது. 2017 மே மாதம் திரும்பத் தந்தது. 2020இல் கொரோனா வந்ததும் உலகமெங்கும் பெரிய பெரிய பெயர்கள் எல்லாம் ஓடர்களை ரத்துச் செய்தன. தைத்து முடித்து அனுப்பத் தயாராக இருந்த உடுப்புக்குக்கூடக் காசு தர மறுத்தவர்கள் உண்டு. அந்த நேரம் அரசாங்கமும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் பேசி, வேலைக்கு அழைக்கப்படாதவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடவோ அதைக் கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். நாங்கள் சொல்லும் பிள்ளையும் அந்த 14,500ஐத்தான் எடுத்தது.

பிறகு 2025. இலங்கையின் ஆடைகளை அதிகம் வாங்கும் தனி நாடு அமெரிக்கா. ஏப்ரல் 2ஆம் திகதி இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதம் மேலதிகத் தீர்வை என்று ட்ரம்ப் அறிவித்தார். ஒரு கிழமைக்குள் அதை நிறுத்திவைத்து 10 என்றார்கள். ஜூலையில் 30 என்றார்கள். ஓகஸ்ட் 7 முதல் 20 சதவீதம். நாலு மாதத்துக்குள் நாலு இலக்கம். இதற்கிடையில் மே மாதம் கட்டுநாயக்கவில் 40 வருடத்துக்கு மேல் ஓடிய ஒரு தொழிற்சாலை மூடப்பட்டு, சுமார் 1,400 பேர் வேலை இழந்தார்கள். நம்மட ஊர்ப் பிள்ளை செப்டம்பரில் தாளோடு வந்தது. இதில் எதற்கு எது காரணம் என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பிள்ளை டார்கெட்டைக் குறைத்ததாலோ லீவு எடுத்ததாலோ அந்த லைன் மூடப்படவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இந்த இடத்தில் சிலர், "பங்களாதேஷ்காரன் நம்மட வேலையைப் பறிச்சிட்டான்" என்பார்கள். அப்படிச் சொல்ல நமக்கு வாய் இல்லை. 1970களில் அமெரிக்காவில் ஆடை தைக்கும் வேலையில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். இன்று ஒரு இலட்சம் பேர்கூட இல்லை. அங்கே மூடிய லைன்களில் ஒரு பங்குதான் கட்டுநாயக்கவில் திறந்தது. இலங்கைப் பெரிய கம்பனிகளே இந்தியாவிலும் பங்களாதேஷிலும் தொழிற்சாலை போட்டிருக்கின்றன. டாக்காவில் மெஷினுக்கு முன்னால் இருப்பதும் நம்மட பிள்ளையைப் போல ஒரு பிள்ளைதான். நாளைக்கு அங்கேயும் ஒரு தாள் நீட்டப்படும்.

தூரத்துக்குப் போகாமல் மருதமுனையைப் பாருங்கள். கைத்தறிக்குப் பெயர் போன ஊர். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு இறக்குமதித் துணி வந்து குவிந்ததும் எத்தனை தறிகள் நின்றன என்று அங்கேயுள்ள மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தறி நின்றபோது கேட்க ஆளில்லை, ஏனென்றால் அது சொந்தத் தொழில். கார்மண்டு அப்படி இல்லை. அங்கே முதலாளி இருக்கிறார், சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தைத்தான் நாங்கள் அன்று பிள்ளைக்குச் சொல்லவில்லை. எங்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. தொழிலாளரை வேலை நீக்குவது பற்றியது. சுருக்கமாகச் சொன்னால் இப்படி: 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்துக்குள் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்கக் குற்றம் அல்லாத காரணத்துக்காக நிறுத்துவதானால் இரண்டில் ஒன்று வேண்டும். ஒன்று, அந்தத் தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதம். அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி. தொழிற்சாலையையே மூடினாலும் இதுதான் சட்டம். ஆணையாளர் அனுமதி கொடுத்தால், எவ்வளவு நட்டஈடு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். ஆறாம் வருடத்திலிருந்து பதினாலாம் வருடம் வரை வருடத்துக்கு இரண்டு மாதச் சம்பளம்.

இதை வாசித்த இரவு ஒரு கொப்பித் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பிள்ளையின் சேவைக் காலம் ஆறு வருடம். சம்பளம் 32,000. ஐந்து வருடத்துக்குப் பன்னிரண்டரை மாதம், ஆறாவதுக்கு இரண்டு, மொத்தம் பதினாலரை மாதச் சம்பளம். 464,000 ரூபா. பணிக்கொடை இதில் சேராது. அது வருடத்துக்கு அரை மாதச் சம்பளப்படி தனியாக 96,000. ஐந்து வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் அது கிடைக்கும்.

பிள்ளைக்குக் கிடைத்தது 96,000மும் ஒரு மாதச் சம்பளம் 32,000மும். 96,000 எப்படியும் வர வேண்டிய காசு. ஆகவே அந்தச் சைனுக்குக் கிடைத்த விலை 32,000 ரூபா. எங்கள் வீட்டு மேசையில், எங்கள் பேனையால், எங்கள் புத்தியால்.

பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் அதே லைனில் வேலை செய்தவர்கள். அவர்கள் சைன் வைக்கவில்லை. "சொந்தக் காரணம் எங்களுக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போய் முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். விசாரணைக்குத் திகதி போட்டிருக்கிறது. அவர்கள் வெல்வார்களா என்று எங்களுக்குச் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்குக் கோவை ஒன்று திறக்கப்பட்டிருக்கிறது, கம்பனி வந்து பதில் சொல்ல வேண்டும். நம்மட பிள்ளை போனால், "நீங்கள்தானே விலகியிருக்கிறீர்கள்" என்று அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

போன மாதம் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். கணக்கைச் சொல்லி, எங்கள் பிழையைச் சொல்லி, மாப்புக் கேட்டோம். பிள்ளை அழவில்லை. "பரவால்ல டீச்சர், நான்தானே சைன் வெச்ச" என்றது. உம்மாதான் உள்ளே எழும்பிப் போனார். கட்டிய சுவர் கூரை இல்லாமல் அப்படியே நிற்கிறது. பிள்ளை சவூதிக்குப் போகப் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்திருக்கிறது. ஆறு வருடம் மெஷினில் இருந்த பிள்ளை இனி ஒரு வீட்டுக் குசினிக்குப் போகப் போகிறது.

ரிஸ்க் அல்லாஹ்வின் கையில்தான். அதில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அன்று நாங்கள் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் பேசினோம். எங்கள் சோம்பலுக்கு மார்க்கத்தைத் துணைக்கு எடுத்தோம். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

வெளிநாட்டு பையர் ஓடரை எங்கே கொண்டு போவார் என்பதை இந்த ஊரில் இருந்துகொண்டு நாம் தடுக்க முடியாது. அமெரிக்கத் தீர்வையும் நம்மட கையில் இல்லை. அந்தத் தாள் மட்டும் நம்மட கையில் இருக்கிறது. ஆகவே வீட்டில் கார்மண்டுக்குப் போகும் பிள்ளை இருந்தால் இவற்றைச் சொல்லிக் கொடுங்கள்:

விளங்காத தாளில் அன்றைக்கே சைன் வைக்க வேண்டாம். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே யோசிக்க வேண்டிய விடயம். போனில் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். "சொந்தக் காரணம்", "விருப்பத்துடன்", "இராஜினாமா" என்ற சொற்கள் எந்த மொழியில் இருந்தாலும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த கடிதத்தையும் மாதாந்தச் சம்பளச் சீட்டுகளையும் வீசாமல் ஒரு கோவையில் வையுங்கள். ஈ.பி.எப். அங்கத்துவ இலக்கத்தை எழுதி வையுங்கள். அடிக்கடி மீதியைப் பாருங்கள். பிள்ளையின் சம்பளத்தில் 8 சதவீதம் கழித்தால் முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். ஈ.டி.எப். 3 சதவீதம் தனியாக முதலாளி கட்ட வேண்டும்.

வேலை நிறுத்தப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தொழில் திணைக்களத்திடமோ தொழில் நியாய சபையிடமோ போக வேண்டும். பிறகு பார்ப்போம் என்று விட்டால் நாள் போய்விடும்.

மேன்பவர்காரர் மூலம் நாட்சம்பளத்துக்குப் போகும் பிள்ளைகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஓடர் குறைந்தால் முதலில் நிற்பது அவர்கள். யார் உங்கள் முதலாளி, ஈ.பி.எப். கட்டுகிறாரா என்று முதல் நாளே கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும்.

இனி எங்கள் பக்கம். ஓ.எல். வகுப்புகளில் நாங்கள் வருடா வருடம் வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதப் படிப்பிக்கிறோம். வேலை தருபவர் நீட்டும் கடிதத்தை வாசிக்க ஒரு நாளும் படிப்பித்ததில்லை. இந்தத் தவணையிலிருந்து, பாடம் முடிந்த பிறகு அரை மணித்தியாலம் அதைச் செய்கிறோம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, இராஜினாமாக் கடிதம் மூன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வைத்து வாசிக்கிறோம். அந்த வகுப்பில் பிள்ளையின் தங்கச்சியும் இருக்கிறது.

ஊரில் ஓய்வு பெற்ற எழுதுவினைஞர் ஒருவரும் இளம் சட்டத்தரணி ஒருவரும் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் மதரஸா அறையைத் தர முடியுமா என்று பள்ளி நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். பெண்கள் வர வசதியாகத் தனி வாசலும் அங்கே உண்டு. நிர்வாக சபைச் சகோதரர்கள் இதை வாசித்தால் நல்ல பதிலைத் தாருங்கள். ஸகாத், பெருநாள் அரிசி, வீடு திருத்த உதவி எல்லாம் இந்த ஊர் கொடுக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். உழைத்த காசு கை நழுவாமல் பார்ப்பதும் அந்த உதவியில் சேர்ந்ததுதான்.

அந்த அறை கிடைக்கும் வரை எங்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கும். மஃரிபுக்குப் பிறகு எந்த நாளும் தாளைக் கொண்டு வாருங்கள். களைப்பு என்று இனிச் சொல்ல மாட்டோம். மேசை அதே மேசைதான். பேனையை மட்டும் உள்ளே எடுத்து வைத்துவிட்டோம். முதலில் வாசிப்போம், பிறகு யோசிப்போம், மறுநாள் முடிவெடுப்போம்.

இந்தப் பதிவைக் கார்மண்டு வேனில் போகும் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பி வையுங்கள். சவூதிக்குப் போகப் போகும் அந்தப் பிள்ளைக்காகவும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.